வண்ணத்துள் ஒளிந்த நஞ்சு

பிரெஞ்சு நாட்டு ஆர்க்கச்சோன் வளைகுடாவில் உணவுச்சிப்பி வளர்ப்பார்க்கு அதுவே உழவு, அதுவே சோறு. 1977 முதல் 1981 வரை அங்குச் சிப்பிக்குஞ்சுகள் ஏறத்தாழ இல்லாதொழிந்தன. வளர்ந்தவற்றின் ஓடுகளோ, இடையிடையே கூழ்நிறைந்த அறைகளுடன் அடுக்கடுக்காய்த் தடித்தன. உள்ளிருந்த ஊன் சுருங்கிற்று. கரணியம் யாது? உலாப்படகுகளின் அடியில் பாசி பற்றாதிருக்கப் பூசிய வண்ணத்துள் கலந்திருந்த திரைபியூட்டைல் வெள்ளீயம்! ஓர் இலிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறுகோடியில் சில கூறே அந்நஞ்சு இருப்பினும் ஓடு திரியும். செல்வர் உலாப்போக, உழைப்பார் வயிறு காய்வதோ?

1982-இல் பிரெஞ்சரசு 25 மீட்டரினுங் குறைந்த படகுகட்கு அவ்வண்ணத்தைத் தடுத்தது; குஞ்சுகள் மீண்டும் தோன்றின. பெருங்கப்பல்கட்கோ உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது 2008-இல்! கால்நூற்றாண்டுக்கு மேலாகக் கப்பல் முதலாளியர்முன் உலகம் வாய்பொத்தி நின்றது. துறைமுகச் சேற்றில் படிந்த நஞ்சோ இன்னும் முற்றும் அழியவில்லை.