ஏறலாம், இறங்கலாம், மறுபடி ஏறலாம்: டவுன் பஸ்ஸில் ஒரு திண்டுக்கல் டூர்!

கொடைக்கானல் போகிறவர்கள் திண்டுக்கல்லில் டீ குடிப்பார்கள். பழநி போகிறவர்கள் பஸ் மாறுவார்கள். பிரியாணிக்காக வண்டியை நிறுத்துகிறவர்களும் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். ஊருக்கு நடுவே ஒரு பெரிய பாறை, அதன் மேல் 400 வருடத்துக் கோட்டை. அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ‘அடுத்த தடவை ஏறிப் பார்க்கணும்’ என்று சொல்லிக்கொண்டே கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

வெளியூர்க்காரர்களை விடுங்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து வருடக்கணக்காகியும் கோட்டைப் படியில் கால் வைக்காத அம்மாக்கள் உண்டு. “யாராவது கூட்டிட்டுப் போனாத்தானே...” என்பதுதான் அவர்களுடைய பதிலாக இருக்கும். அந்த ‘யாராவது’வுக்குப் பதிலாக ஒரு பஸ் வந்து நின்றால்?

பெரிய சுற்றுலா நகரங்களில் அப்படி ஒரு பஸ் இருக்கிறது. அதன் பெயர் ‘ஹாப் ஆன் ஹாப் ஆஃப்’.

ஒரே டிக்கெட், நாள் முழுக்க!

விஷயம் ரொம்ப சிம்பிள். காலையில் ஒரு டிக்கெட். ஊரில் பார்க்க வேண்டிய இடங்களை இணைத்து பஸ்கள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். பிடித்த இடத்தில் இறங்கலாம். அங்கே அரை மணி நேரமோ, மூணு மணி நேரமோ இருக்கலாம். பிறகு அடுத்து வரும் பஸ்ஸில் அதே டிக்கெட்டோடு ஏறிக்கொள்ளலாம். டூரிஸ்ட் வேனில் போனால், “இருபது நிமிஷத்துல எல்லாரும் வண்டிக்கு வந்துரணும்” என்று ஒருவர் சத்தம் போடுவாரே, அந்தத் தொல்லை இதில் இல்லை.

ஸ்பெயினின் செவில்லா நகரில் 1999-ல் தொடங்கிய ‘சிட்டி சைட்சீயிங்’ நிறுவனத்தின் சிவப்பு நிற, மேல்தளம் திறந்த பஸ்கள் இன்று உலகின் பல நகரங்களில் ஓடுகின்றன. நம் நாட்டில் டெல்லியில் இப்படி ஒரு சேவை வந்தது. நம் மாநிலத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதே பாணியில் பஸ் விட்டது. அந்தச் சாலை இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். முட்டுக்காடு படகுக் குழாம், தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, கடைசியில் மாமல்லபுரம் என்று எல்லாமே ஒரே ரோட்டில் வரிசையாக வரும். ஊட்டியில் சீசன் நேரத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகம் விட்ட சுற்றுப் பேருந்தும் இந்த வகைதான். 100 ரூபாய் டிக்கெட் எடுத்தால் போட் ஹவுஸ், ரோஜாப் பூங்கா, தாவரவியல் பூங்கா என்று நாள் முழுக்க ஏறி இறங்கலாம்.

திண்டுக்கல்லில் கடலும் இல்லை, சிவப்பு பஸ்ஸும் இல்லை. ஆனால் காமராஜர் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்கள் இருக்கின்றன. 2021 மே மாதம் முதல், சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் பைசா கிடையாது. யோசித்துப் பார்த்தால், நம் ஊர்ப் பெண்கள் கையில் ‘ஹாப் ஆன் ஹாப் ஆஃப்’ டிக்கெட் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ‘டூர்’ என்று யாரும் அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். டூரிஸ்ட் பஸ் வட்டமடிக்கும். திண்டுக்கல் டவுன் பஸ்களோ சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒவ்வொரு திசைக்கும் போய்த் திரும்பும். அதனால் ஒரு ரூட்டைப் பார்த்து முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அடுத்த ரூட்டைப் பிடிக்க வேண்டும். இதற்கேற்ப ஒரு நாள் பிளான் இதோ...

காலை: கோட்டை

வெயில் ஏறுவதற்குள் பாறையில் ஏறிவிட வேண்டும். நிழல் குறைவு, கல் சூடாகிவிட்டால் பிள்ளைகள் ‘அம்மா கால் சுடுது’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை ரொம்பத் தூரமில்லை. நடக்க முடியாதவர்கள் டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம்.

திண்டு மாதிரி இருக்கும் கல் என்பதால் ‘திண்டுக்கல்’ என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1605-ல் மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் இங்கே கோட்டை எழுந்தது. பிறகு மைசூர்க்காரர்கள் கைக்குப் போனது. ஹைதர் அலி இங்கே ஃபவுஜ்தாராக இருந்தவர். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திண்டுக்கல் ஆங்கிலேயருக்குப் போய்ச் சேர்ந்தது. பாறையில் வெட்டிய படிகளில் மெதுவாக ஏறினால் மேலே பீரங்கி மேடை, ஆயுதக் கிடங்கு, ஒரு பழைய கோயில் எல்லாம் இருக்கின்றன. கோயிலுக்குள் மூலவர் சிலை கிடையாது. அபிராமி அம்மனைக் கும்பிட ஊருக்குள் இருக்கும் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு இங்கே சொல்ல ஒரு கதை இருக்கிறது. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, சிவகங்கை ராணி வேலுநாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது இந்தத் திண்டுக்கல் சீமைக்குத்தான். விருப்பாச்சி பாளையக்காரர் கோபால் நாயக்கர் ஆதரவு கொடுத்தார். ஹைதர் அலியும் உதவினார். எட்டு வருடம் காத்திருந்து, 1780-ல் சிவகங்கையை மீட்டார் ராணி. கோட்டைச் சுவர் ஓரம் உட்கார்ந்து சிறுமலை பக்கம் பார்த்தபடி இதைச் சொன்னால், பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாகவே பதியும்.

இது இந்தியத் தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கும் இடம். நுழைவுக் கட்டணம் உண்டு, 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இலவசம். தண்ணீர் பாட்டிலைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கியதும் அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன். மாசித் திருவிழா சமயத்தில் போனால் ஊரே அங்கேதான் இருக்கும்.

நடுவில்: பூட்டும் பிரியாணியும்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெஷின் பூட்டுகள் மலிவாக வந்துவிட்டதால் கையால் பூட்டுச் செய்கிற பட்டறைகள் குறைந்துவிட்டன. மிச்சமிருக்கும் கடைகளில் ‘மாங்காய்ப் பூட்டு’ கேட்டுப் பாருங்கள். கையில் வாங்கும்போதே கனம் தெரியும். ஊர் ஞாபகமாக வீட்டுக்கு எடுத்துப்போக இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது.

பிரியாணியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய கடைதான் ‘தலப்பாக்கட்டி’ என்று ஊர் ஊராகப் போனது. அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகைதான் கடைக்கே பெயரானது. பெயர் எதுவானாலும் திண்டுக்கல் பிரியாணிக்கு அடையாளம் சீரகச் சம்பா அரிசி. சின்னச் சின்னக் கடைகளிலும் நன்றாகவே இருக்கும். பகல் 12 மணிக்கே போய்விட்டால் கூட்டத்தில் நிற்க வேண்டாம்.

மதியம்: மதுரை ரோடு

சாப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்ட் வந்தால், சின்னாளபட்டி பஸ்.

“அண்ணே, காந்திகிராமம் நிக்குமா?”

“நிக்கும்மா, ஏறுங்க. எத்தனை பேரு?”

“லேடீஸ் மூணு, ஜென்ட்ஸ் ஒண்ணு.”

கண்டக்டர் கிழித்துத் தரும் இலவச டிக்கெட்டையும் மறக்காமல் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். காசு இல்லாவிட்டாலும் அது டிக்கெட்தான். செக்கிங் வந்தால் காட்ட வேண்டும்.

காந்திகிராமம் 1947-ல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கியது. டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம். இளம் வயதிலேயே கணவரை இழந்து, அதன் பிறகு மருத்துவம் படித்து டாக்டரானவர். மறுமணம் செய்துகொண்டு, இந்த வறண்ட பூமிக்கு வந்து கிராமத்துப் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் உழைத்தவர். 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி, மத்தியில் கல்வித்துறை துணை அமைச்சராகவும் இருந்தார். 1956-ல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கதர், சித்த மருந்து, கஸ்தூரிபா மருத்துவமனை என்று இங்கே பார்க்கவும் வாங்கவும் நிறைய உண்டு. வளாகத்துக்குள் போக வாசலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே சின்னாளபட்டி. இங்கே சேலைதான் எல்லாம். சுங்குடி, செயற்கைப் பட்டு என்று கடைகள் வரிசையாக இருக்கும். சில தெருக்களில் தறிச் சத்தம் இன்னும் கேட்கும். ‘பார்க்க மட்டும்தான்’ என்று உள்ளே போன எந்த அத்தையும் வெறுங்கையோடு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மாலை: கரூர் ரோடு

கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும் என்பதால்தான் தாடிக்கொம்பு கடைசியில். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி, கரூர் ரோட்டுப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் குடகனாற்றங்கரை சௌந்தரராஜப் பெருமாள் கோயில். மண்டபத்துத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள். நகக்கண், நரம்பு, ஆபரணத்தின் மணி வரைக்கும் கல்லில் தெரியும். தேய்பிறை அஷ்டமி அன்று இங்கே சொர்ண ஆகர்ஷண பைரவரைக் கும்பிடக் கூட்டம் அலைமோதும். நிதானமாகச் சிற்பம் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

ஆத்தூர் காமராஜர் அணை, விருப்பாச்சியில் கோபால் நாயக்கர் மணிமண்டபம் எல்லாம் இன்னொரு நாளைக்கு. அந்த ரூட்களில் பஸ் குறைவு, ஸ்டாப்பிலிருந்து போகும் தூரமும் கொஞ்சம் உண்டு.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

டூரிஸ்ட் பஸ்ஸில் நாம் காசு கொடுப்பது சீட்டுக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தக் காசு, ‘அடுத்த பஸ் கட்டாயம் வரும்’ என்ற நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கை இருந்தால்தான் ஒருவர் தெரியாத ஊரில் தைரியமாக இறங்குவார். டவுன் பஸ் டூரில் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

தாடிக்கொம்பில் இருட்டும் நேரத்தில் இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் ஒரு பெண்ணுக்கு, டிக்கெட் இலவசம் என்பதைவிட அடுத்த பஸ் எப்போது என்பதுதான் பெரிய விஷயம். அது தெரியாததால்தான், ‘எதுக்கு வம்பு, நாம வீட்டிலேயே இருப்போம்’ என்ற முடிவுக்கு வருகிறார்கள். விடியல் பயணத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்குப் போவதில் மிச்சமான காசு அது. சும்மா ஊர் பார்க்கவும் அந்த பஸ்ஸில் ஏறலாம் என்பது பலருக்குத் தோன்றவே இல்லை.

இதற்குப் புது பஸ்கூட வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டு போதும்: கோட்டை, காந்திகிராமம், சின்னாளபட்டி, தாடிக்கொம்பு, எந்த பஸ், எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எப்போது. அதே விவரம் அந்தந்த ஸ்டாப்பிலும். ஆண்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் ஒரு நாள் டிக்கெட். சென்னையில் 1,000 ரூபாய் மாதப் பாஸில் மாநகர பஸ்களில் இஷ்டம்போலப் பயணம் செய்ய முடிகிறபோது, இங்கே ஒரு நாளைக்கு அப்படிக் கொடுப்பது முடியாத காரியம் இல்லை. கொடைக்கானலுக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பகுதி அரை நாள் இறங்கினாலே பூட்டுக்கடைக்கும் சேலைக்கடைக்கும் வியாபாரம்.

போர்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிளம்பும் முன் இதை மட்டும் கவனியுங்கள்:

* ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கும்போதே, திரும்பி வரும் பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.
* பெண்களுக்கு இலவசம் சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். மதுரை, கரூர் போகும் வெளியூர் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும்.
* பள்ளி, கல்லூரி விடும் மாலை நேரத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அதற்கு முன்போ பின்போ கிளம்புங்கள்.
* மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் ஒரு துணைக்கும் இதே பஸ்ஸில் இலவசம். மாமியாரையோ பாட்டியையோ கூட்டிப்போகிறீர்கள் என்றால் கோட்டையை விட்டுவிட்டு காந்திகிராமத்திலிருந்து ஆரம்பியுங்கள்.
* ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். பிடித்த இடத்தில் கூடுதலாக உட்காருவதற்குத்தானே இந்த டூர்!

இந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூட்டிப்போகவில்லையா? பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். கோட்டை அங்கேதான் இருக்கிறது, பஸ்ஸும் நிற்கிறது.