அந்த ஒன்றரை அங்குலம்...

ஆண்டு மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது பிரேக் ஹோஸ்தான். படித்துவிட்டுத் திட்டுங்கள், ஆனால் படித்துவிடுங்கள்!

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய ஆர்.எக்ஸ். 100-ஐ பிராஜக்ட் வண்டியாக மாற்றினோம். 1985 முதல் 1996 வரை வந்த அந்த வண்டிக்கு முன்னால் டிரம் பிரேக், கேபிளில் இழுப்பது. அதைத் தூக்கிவிட்டு, புதுப்பேட்டையில் வாங்கிய வேறொரு வண்டியின் ஃபோர்க், டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் போட்டோம். பெயின்டுக்கு மூணு நாள். சைலன்ஸருக்கு ரெண்டு நாள். ஹோஸுக்கு? பத்தே நிமிஷம்! கடையில் கிடைத்த ரெடிமேட் ஹோஸ், சைடு ஸ்டாண்டில் நின்ற வண்டிக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. ‘சூப்பர்டா மச்சான்’ என்று கை குலுக்கிக்கொண்டோம்.

மறுநாள் வேடந்தாங்கல் பக்கமிருந்து படாளம் கூட்ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு வேகத்தடையில் முன் சக்கரம் எகிறியது. ஃபோர்க் முழுசாக நீண்டது, ஹோஸ் நீளவில்லை. இழுத்த இழுப்பில் காலிப்பர் பக்கத்து பேன்ஜோ திரும்பி, வாஷர் ஓரமாக ஆயில் கசிய ஆரம்பித்திருக்கிறது. எனக்குத் தெரியாது. கூட்ரோட்டுக்கு முன்னால் சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர். லீவரைப் பிடித்தேன்... அது ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொண்டது! பின் பிரேக்கும் ரோட்டோர மண்ணும்தான் காப்பாற்றின. முட்டியில் சிராய்ப்போடு போச்சு. அப்புறம் அளந்து பார்த்தால், ஹோஸ் ஒன்றரை அங்குலம் குறைச்சல்.

கொஞ்சம் கணக்குப் போடுவோமா? லீவரில் 20 கிலோ விசை. லீவர் அதை ஐந்து மடங்காக்கினால் 100 கிலோ. அரை அங்குல பிஸ்டனின் பரப்பு சுமார் 1.27 சதுர செ.மீ. அப்படியென்றால் ஹோஸுக்குள் சதுர செ.மீ.க்கு 79 கிலோ அழுத்தம்! டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 கிலோதான். பாஸ்கல் விதியைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோமே, அது நம் உயிரைத் தாங்குவது இந்தச் சுண்டுவிரல் குழாயில்தான்.

டெய்லர் சட்டைக்கு அளவு எடுக்கும்போது கையைத் தூக்கச் சொல்கிறாரே, ஏன்? நின்றபடி பொருந்துவது, கையைத் தூக்கினால் கிழியும். ஹோஸும் அப்படித்தான். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கை முழுசாகத் தொங்கவிடுங்கள். ஹேண்டில்பாரை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்புங்கள். பழைய கேபிள் அவுட்டரை ஹோஸ் போகும் வழியில் வைத்து, பேன்ஜோ துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரை அளங்கள். பிறகு கயிறு போட்டு ஃபோர்க்கை அமுக்கிக் கட்டி, டயரில் உரசுகிறதா பாருங்கள். பேன்ஜோ எந்தக் கோணத்தில் திரும்பணும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்; முறுக்கி மாட்டிய ஹோஸ் உழைக்காது. எம்10 போல்ட்டில் 1.0 பிட்ச்சும் உண்டு, 1.25-ம் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், லேபில் இருக்கும் பிட்ச் கேஜுக்குத் தெரியும்! செப்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. ஸ்டீல் பின்னல் ஹோஸ் என்றால் மேலே உறை வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து ஒயரை அரம் மாதிரி ராவிவிடும். ஹோஸின் முனையை மெஷினில் கிரிம்ப் செய்து, பிரஷர் டெஸ்ட் பார்த்துத்தான் வாங்கணும். இதற்கென்றே ஐ.எஸ். 7079 என்று இந்தியத் தரம் இருக்கிறது.

‘இதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்குவாரு’ என்பீர்கள். நண்பா, நாளைக்கு அந்த மெக்கானிக்குக்குச் சொல்லித்தர வேண்டிய டிப்ளமோக்காரன் நீதானே!

என் கருத்து இதுதான். பாஹா எஸ்.ஏ.இ. போட்டியில் இன்ஜினியரிங் மாணவர்கள் கட்டுகிற வண்டி, நாலு சக்கரமும் லாக் ஆகிற பிரேக் டெஸ்டில் தேறாவிட்டால் பந்தயத்தில் இறங்க முடியாது. நம்ம வைவாவில்? ரெக்கார்டு நோட்டைப் புரட்டுகிறார்கள், பெயின்டைப் பாராட்டுகிறார்கள். பிராஜக்ட் வண்டி எதுவானாலும் முதலில் பிரேக் டெஸ்ட், அப்புறம்தான் வைவா என்று விதி வரணும். மாணவர் பேரவை இதைக் கேட்டு வாங்கித் தரணும்.

இன்னொன்று. நான் ரோட்டுக்கு எடுத்துப் போனதே தப்பு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பின், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே! பிராஜக்ட் வண்டி காலேஜ் கிரவுண்டோடு நிற்கட்டும்.

இப்போது புது ஹோஸ் அளந்து போட்டாயிற்று. வண்டி ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கிறது. வந்து லீவரைப் பிடித்துப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும்!

– இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு