அப்பாவின் மண்ணெண்ணெய் இன்ஜினும் இந்தக் காலத்து இருபது சதவீதமும்

நண்பர்களே, நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மொபெட் விராலிமலை போகும் வழியில் நின்றுவிட்டது. 2008இல் வாங்கியது. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக் தம்பியிடம் விட்டேன். பெட்ரோல் டியூபைக் கழற்றி விரலால் நசுக்கிக் காட்டினார். ஊறிப்போன அப்பளம் மாதிரி இருந்தது. "சார், இப்ப வர்ற பெட்ரோல் அப்படி. ஸ்பிரிட்டு கலக்குறாங்கல்ல. வாரத்துக்கு நாலு வண்டி இப்படித்தான் வருது" என்றார். பெட்ரோல் பங்கில் போய், எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்று கேட்டேன். பம்பைப் பிடித்திருந்த பையனுக்குத் தெரியவில்லை. அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள்மேல்தான் வருத்தம்.

முப்பத்து நான்கு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். எத்தனால் என்றவுடன் பதறுகிற ஆள் இல்லை. இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் பாதி புரளி. ஆனால் மீதிப் பாதி புரளி இல்லை. அதைச் சொல்ல என் அப்பாவின் மண்ணெண்ணெய் இன்ஜினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் கிணற்றில் கமலை நின்றது, இன்ஜின் வந்தது. கரண்டு வர இன்னும் சில வருடம் இருந்தது. நம் பக்கத்தில் வில்லியர்ஸ் இன்ஜின் என்றால் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். டாங்கில் இரண்டு அறை: பெரியதில் மண்ணெண்ணெய், சின்னதில் பெட்ரோல். முதலில் பெட்ரோலில்தான் ஓடும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஓடி, உடம்பு நன்றாகச் சுட்ட பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அப்பா கடிகாரம் பார்த்ததில்லை. கையில் தண்ணீரைத் தொட்டு இன்ஜின்மேல் ஒரு சொட்டு தெறிப்பார். சொட்டு 'சுர்' என்று துள்ளினால் திருப்பலாம். அப்படியே வழிந்து ஓடினால் காத்திருக்க வேண்டும்.

சாயந்திரம் நிறுத்தும்போதும் ஒரு முறை உண்டு. கடைசி ஒரு நிமிடம் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டுத்தான் நிறுத்துவார். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தேங்கிக் கிடந்தால் மறுநாள் காலையில் தோள்பட்டை கழன்றாலும் இன்ஜின் எழும்பாது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பெட்ரோல் விலை அதிகம் என்று வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு நாள் சீக்கிரமே குழாயைத் திருப்பிவிட்டேன். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது, இருமியது, நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் மண்ணெண்ணெயில் குளித்திருந்தது. அன்றைக்குக் கத்தரிக்குத் தண்ணீர் பாயவில்லை. அப்பா அடிக்கவில்லை. "அதுக்குச் சூடு ஏறணும்டா. ஏறாம குடுத்தா அது என்ன பண்ணும்?" என்றார். அவ்வளவுதான்.

ஏன் அப்படி என்று நான் படித்தது பிற்பாடுதான். திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. பெட்ரோல் குளிரிலும் ஆவியாகும் குணமுள்ளது. மண்ணெண்ணெய் அப்படியில்லை, அதற்குச் சூடு வேண்டும். சூடில்லாத இன்ஜினுக்குள் போனால் துளித்துளியாகவே நிற்கும். எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே இருக்கும் ஆயிலையும் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். நான் அன்றைக்கு இன்ஜினுக்குச் செய்தது இதைத்தான்.

பெட்ரோலுக்கும் ஒரு சங்கடம் உண்டு. வகுப்பில் உள்ளுறை வெப்பம் நடத்தும்போது பிள்ளைகளின் புறங்கையில் கொஞ்சம் ஸ்பிரிட் தடவி ஊதச் சொல்வேன். "ஜில்லுனு இருக்கு சார்!" என்று கத்துவார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதே கணக்கு. ஆவியாகிற எதுவும் பக்கத்திலிருக்கும் சூட்டைத் திருடிக்கொண்டுதான் ஆவியாகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரே குளிர்ந்துபோகும். குளிர் நாடுகளில் அதன் உள்ளே பனியே பிடிக்கும்.

அதனால்தான் மோட்டார் வண்டி பிறந்த நாளிலிருந்தே கலவையைச் சூடாக்கும் வேலையும் கூடவே வந்தது. ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி 1908 முதல் 1927 வரை வந்தது. அதில் புகைக்குழாயை ஒட்டி ஒரு தகரக் குழாய் வைத்திருந்தார்கள். அங்கே சூடாகும் காற்றைத்தான் கார்புரேட்டர் உறிஞ்சும். கார்கள் பெருகப் பெருக, எண்ணெயிலிருந்து இன்னும் அதிகமாகப் பெட்ரோல் பிழிய வேண்டியிருந்தது. அதனால் சுலபத்தில் ஆவியாகாத கனமான பகுதியும் பெட்ரோலில் சேர்ந்தது. கலவை போகும் குழாயைப் புகை போகும் குழாயோடு ஒட்டவைத்துச் சூடேற்றும் வழக்கம் அதற்குப் பிறகு பரவியது. நம் அம்பாசிடர் காரின் பழைய இன்ஜினைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு குழாய்களும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எரிபொருள் மாறியதும் அதற்கேற்ப இன்ஜினையும் மாற்றிக் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வண்டிக்காரரிடம் "நீயே பார்த்துக்கொள்" என்று விடவில்லை.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் சென்னை மாகாணம் முழுக்கக் கரி பஸ் ஓடியது. அப்பா சிறுவயதில் திருச்சி - மதுரை சாலையில் அதில் போயிருக்கிறார். பஸ்ஸின் பின்னால் ஒரு உருளை அடுப்பு. கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே கரியைப் பற்றவைத்து விசிறியைச் சுற்ற வேண்டும். மேடு வந்தால் ஆட்கள் இறங்கி நடக்க வேண்டும், சில சமயம் தள்ளவும் வேண்டும். டி.வி.சுந்தரம் அய்யங்கார் அந்தக் காலத்தில் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று இதற்கான கருவியையே தயாரித்து விற்றார். இதில் ஒரு வேடிக்கை: கரிவாயு ஏற்கெனவே வாயு. அதை ஆவியாக்க வேண்டியதில்லை. சூடாக உள்ளே போனால் விரிந்துபோய் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அதைக் குளிரவைத்து, வடிகட்டித்தான் இன்ஜினுக்குக் கொடுத்தார்கள். ஒன்றுக்குச் சூடு, இன்னொன்றுக்குக் குளிர்ச்சி. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டார்.

யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் நெருக்கமானது. 1990இல் போர் மறுபடி மூண்டபோது அங்கே பெட்ரோல், டீசலுக்குத் தடை விழுந்தது. பல வருடம் மோட்டார் சைக்கிளும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோலை விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தச் சில சொட்டுப் பெட்ரோல் தங்கம் மாதிரி. என் அப்பா கிணற்று மேட்டில் செய்ததை அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தார்கள்.

இப்போது எத்தனாலுக்கு வருகிறேன். ஒரு கிலோ எத்தனால் ஆவியாக, ஒரு கிலோ பெட்ரோலுக்கு வேண்டியதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு சூடு வேண்டும். பிள்ளைகள் கையில் தடவிய ஸ்பிரிட் ஜில்லென்றது இதனால்தான். பிரேசில் நாட்டில் 1979இலிருந்தே முழு எத்தனாலில் ஓடும் கார்கள் உண்டு. குளிர்ந்த காலையில் அவை கிளம்பாது. அதற்காக இன்ஜின் பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்ரோல் டாங்க் வைத்தார்கள். கிளப்புவதற்குப் பெட்ரோல், ஓடுவதற்கு எத்தனால்! இதைப் படித்த அன்றைக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் கிணற்று மேட்டு இன்ஜின் பிரேசிலில் கார் ஓட்டியிருக்கிறது. 2009வாக்கில் அந்தக் குட்டி டாங்கையும் எடுத்துவிட்டு, எத்தனாலைச் சூடுபடுத்தியே இன்ஜினுக்குள் பீச்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். மாடல் டி வந்து நூறு வருடம் கழித்துச் சூடேற்றும் வித்தை திரும்பி வந்தது.

கொடும்பாளூர் வெயிலில் இந்தக் குளிர் பிரச்சினை நமக்கில்லை, ஒத்துக்கொள்கிறேன். சித்திரையில் என் மொபெட் சீட்டிலேயே தோசை சுடலாம். எத்தனாலின் அந்தக் குளிர்ச்சியும், முட்டல் சத்தம் வராமல் தடுக்கும் குணமும், அதற்கென்றே செய்த புது இன்ஜினுக்கு நன்மையும்கூட. நம் ஊர் பழைய வண்டிகளின் பிரச்சினை வேறு இரண்டு.

முதலாவது காற்றுக் கணக்கு. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பெட்ரோலுக்கென்று துளை போட்ட கார்புரேட்டரில் எத்தனால் கலந்தால், காற்று அதிகமாகவும் எரிபொருள் குறைவாகவும் ஆகிவிடும். புது வண்டியில் இருக்கும் சென்சார் அதைப் பார்த்துச் சரிக்கட்டும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வரும்வரை விற்ற இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் வண்டிகள்தான். நம் பக்கத்துச் சந்தைகளுக்குக் காய்கறி மூட்டையும் கோழிக்கூடையும் ஏற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் அவைதான்.

இரண்டாவது ரப்பரும் தண்ணீரும். பழைய வண்டிகளின் சிலவகை டியூப், வாஷர்களை எத்தனால் ஊறவைக்கும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் டாங்குக்குள் வேலை நடக்கும்.

மைலேஜ் விஷயத்தில் நேர்மையாகப் பேச வேண்டும். பாதியாகக் குறைந்துவிட்டது என்பவர்கள் செயினையும் ஏர் ஃபில்டரையும் முதலில் பார்க்கட்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இருபது சதவீதம் கலந்தால் என்ன குறையும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போடும். நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே, பழைய வகை இருசக்கர வண்டிக்கு 3 முதல் 4 சதவீதமும், அதே வகைக் காருக்கு 6 முதல் 7 சதவீதமும் குறையும் என்று எழுதியிருக்கிறது. என் நோட்டுப் புத்தகத்திலும் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் குறைந்திருக்கிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் தினமும் எண்பது கிலோமீட்டர் ஓடி மீன் விற்கிறவருக்கு அதுவும் தொகைதான்.

எத்தனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கச்சா எண்ணெய்க்கு வெளிநாட்டுக்குப் போகிற பணம் குறைகிறது, கரும்பு, மக்காச்சோளம் போடுகிறவருக்கு ஒரு சந்தை கிடைக்கிறது. நானும் விவசாயி மகன்தான். என் சண்டை அவசரத்தோடு. 2022 ஜூனில்தான் பத்து சதவீதத்தை எட்டினோம். இருபதுக்கு முதலில் 2030 என்றார்கள். பிறகு அதை 2025-26க்கு இழுத்தார்கள், 2025லேயே எட்டியும் விட்டார்கள். இருபதைத் தாங்கும் டியூபும் வாஷரும் 2023 ஏப்ரலிலிருந்துதான் வண்டிகளில் வர ஆரம்பித்தன. அதற்கு முந்தைய வண்டிகள் எல்லாம் ஒரே இரவில் குப்பைக்கா போகும்? மக்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம்வரை ஒரு வழக்கு போனது, 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி ஆனது. சட்டப்படி அது முடிந்தது. எனக்குக் கேள்வி முடியவில்லை.

பிரேசிலில் பங்குக்குப் போனால் முழு எத்தனாலும் இருக்கும், கலந்த பெட்ரோலும் இருக்கும். எத்தனால் விலை பெட்ரோலில் எழுபது சதவீதத்துக்குள் இருந்தால் லாபம் என்று அங்கே டிரைவர்கள் மனக்கணக்குப் போடுவார்களாம். அவர்களுக்கு விலைப் பலகை இருக்கிறது, தேர்வு இருக்கிறது. இங்கே சக்தி குறைந்ததைக் கொடுத்துவிட்டு முழு விலை வாங்குகிறோம். பால்காரர் இருபது சதவீதம் தண்ணீர் ஊற்றிவிட்டு, தண்ணீரும் உடம்புக்கு நல்லதுதான் என்றால் விடுவோமா? (எத்தனால் தண்ணீர் இல்லை, அதுவும் எரியும். உவமை கொஞ்சம் கூடுதல்தான். பழைய மாணவர்கள் திருத்த வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும்போது, கொடும்பை என்ற நம் ஊர்ப் பக்கம் பாதை மூன்றாகப் பிரியும் என்றும், ஒவ்வொன்றிலும் என்னென்ன இருக்கும் என்றும் ஒரு மறையவர் விரிவாகச் சொல்கிறார். நடந்து போகிறவர்களுக்கே அவ்வளவு விவரம் சொன்ன ஊர் இது. பங்கில் ஒரு பலகை எழுதி வைப்பது கஷ்டமா?

நான் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு பம்பிலும் எத்தனை சதவீதம் எத்தனால் என்று தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் எழுதட்டும். பழைய வண்டிகள் ஓய்வு பெறும்வரை, தாலுகாவுக்கு நாலு பங்கிலாவது பத்து சதவீதப் பெட்ரோலும் கிடைக்கட்டும். எந்த மாடலுக்கு எந்த டியூப், எந்த வாஷர், ஜெட் மாற்ற வேண்டுமா என்று வண்டிக் கம்பெனிகள் ஒரு பக்கத் தாள் அச்சடித்துத் தெருவோர மெக்கானிக்குகளுக்குக் கொடுக்கட்டும். இன்றைக்கு அவர்கள் ஒவ்வொரு வண்டியையும் கெடுத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் படிப்புக்கு ஃபீஸ் கட்டுவது நாம்.

அதுவரைக்கும் 2023க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் டியூபை ஒருமுறை நசுக்கிப் பாருங்கள். மெத்தென்றிருந்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ உடனே மாற்றுங்கள், ஒழுகினால் சூடான சைலன்சர்மேல்தான் சொட்டும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.

அப்பாவின் இன்ஜின் இன்னும் மாட்டுக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. நேற்று பேரன் அதன் டாங்கில் இருக்கும் இரண்டு மூடிகளைப் பார்த்து, "ஏன் தாத்தா ரெண்டு?" என்றான். இரண்டையும் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். சின்ன அறையில் இன்னும் பெட்ரோல் வாசம் லேசாக அடிக்கிறது என்கிறான் அவன். எனக்கு மூக்கு போய்விட்டது, தெரியவில்லை.