ஆய்வு மாணவர் ஏன் உண்மையைச் சொல்வதில்லை?

நெறியாளரின் அறையில் மிகுதியாகச் சொல்லப்படும் பொய், “வேலை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஐயா” என்பதே. அதைச் சோம்பலென்று பேராசிரியர்கள் கருதுகின்றனர். பெரும்பாலும் அதன் வேர் அச்சம்.

1990களில் மருத்துவமனைக் குழுக்களில் நிகழும் மருந்துப் பிழைகளை எமி எட்மண்ட்சன் ஆராய்ந்தார். நன்கு இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாயிருக்கும் என்பது அவரது எதிர்பார்ப்பு. கிடைத்த முடிவோ நேர்மாறானது: அக்குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கிருந்தவர்கள் பிழைகளை மறைக்காமல் பேசினர் என்பதே அவர் கண்ட விளக்கம். 1999இல் வெளியான கட்டுரையில், பணிக்குழுக்களின் கற்றலுக்கு ‘உளவியல் பாதுகாப்பு’ எவ்வாறு துணைநிற்கிறது என்பதை விரிவாக எழுதினார்.

இதனை இதமான பேச்சு என்று பலர் பொருள்கொள்கின்றனர். “மூன்றாம் இயலின் வாதத்துக்குத் தரவு போதாது” என்பது கடுமையான விமர்சனம்தான்; ஆயினும் மாணவர் அதனை மறுக்கலாம், அல்லது திருத்தி எழுதலாம். “உனக்கு ஆய்வு வராது” என்பதற்கு அவர் என்ன மறுமொழி சொல்ல முடியும்? அடுத்த சந்திப்பில் அவர் குறையை மறைக்கவே கற்றிருப்பார்.

எனினும், நெறியாளரின் நற்குணத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முனைவர் பட்ட ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் தம் பணியை விளக்க வேண்டும். அக்குழுவைக் கூட்டுபவர் நெறியாளரே. வழிகாட்டுபவரே மதிப்பிடுபவராகவும் இருக்கையில், “சோதனை தோற்றுவிட்டது” என்று ஒப்புக்கொள்வது தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்வதாகிறது.

இதற்குத் துறைகள் இரண்டு வழிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, குழுக் கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பாக, எந்த அறிக்கையிலும் இடம்பெறாத ஒரு சந்திப்பு. “எங்கே சிக்கியிருக்கிறீர்கள்?” என்பது மட்டுமே அதன் பொருள். அறிக்கையில் சேராது என்பதை நெறியாளர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கூட்டத்தின் இறுதியிலும், நெறியாளர் இல்லாமல் ஏனைய உறுப்பினர்களிடம் மாணவர் பேசப் பத்து நிமிடம். இது எல்லாருக்கும் பொதுவான நடைமுறையானால், அதனைக் கேட்டுப்பெறும் சங்கடம் எந்த மாணவருக்கும் நேராது.

இதனால் ஆய்வின் கண்டிப்புக் குறையும் என்று சிலர் அஞ்சலாம். இரண்டாம் ஆண்டில் சொல்லப்படும் பிழையை ஒரு மாதத்தில் திருத்திவிடலாம். மறைக்கப்பட்ட அதே பிழை வாய்மொழித் தேர்வில் வெளிப்பட்டால் நான்காண்டு உழைப்பே ஐயத்துக்குள்ளாகும். கண்டிப்பை விரும்புவோர்தாம் இப்பாதுகாப்பை முதலில் கோர வேண்டும்.

உங்கள் துறையில் இத்தகைய நடைமுறை உண்டா? ஆசிரியர்கள், மாணவர்கள் இருசாராரும் எழுதுங்கள்.