காசு மருந்துக்காரருக்கு, கடி பிள்ளைக்கு!

மே மாதம் பிறந்தால் போதும், அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கம் (கனெக்டிகட், நியூயார்க், நியூஜெர்சி வட்டாரம்) வீட்டுத் தோட்டங்களில் ஒரு சடங்கு ஆரம்பமாகிவிடும். முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டு ஓர் ஆள் வருவார். புல்தரை ஓரம், புதர், கல்சுவர் என்று எல்லா இடத்திலும் புஸ்ஸென்று மருந்தடிப்பார். "மருந்து அடித்திருக்கிறது" என்று ஒரு குட்டிப் பலகையைப் புல்லில் குத்திவைத்து, பில்லை நீட்டிவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரரும் இந்த வருஷத்து உண்ணித் தொல்லை ஒழிந்தது என்று பிள்ளைகளை வெளியே அவிழ்த்துவிடுவார்.

ஒழிந்ததா? அங்கேதான் இருக்கிறது வம்பு!

உண்ணி என்றதும் மாட்டுக் காதில் ஆமணக்குக் கொட்டை மாதிரி தொங்குமே, அதை நினைத்துக்கொள்ளக் கூடாது. லைம் நோயைக் கொண்டுவரும் கருங்கால் உண்ணியின் இளம்பருவம் ஒரு கசகசா அளவுதான். கடித்தால் வலிக்காது, அரிப்பதும் அபூர்வம். தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால், முழங்காலின் பின்மடிப்பு என்று ஒளிந்துகொண்டு நாள்கணக்கில் ரத்தம் குடிக்கும். நோய்க்கிருமி உடம்புக்குள் இறங்கப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த ஒரு தகவல்தான் முழு விஷயத்துக்கும் சாவி. மருந்தடிக்கும் விளம்பரங்கள் இதைப் பெரிதாகப் போடுவதில்லை. போட்டால் வியாபாரம் என்ன ஆவது?

நோய்க்கு இந்தப் பெயர் வந்தது ஓர் ஊரால். கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் 1975 வாக்கில் பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது. "இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் எப்படி வரும்?" என்று விடாமல் கேட்டவர்கள் டாக்டர்கள் அல்ல, அம்மாக்கள். யேல் பல்கலைக்கழக ஆட்கள் பிறகுதான் வந்து ஆராய்ந்தார்கள். 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் சுருள்வடிவக் கிருமியைக் கண்டார். அடுத்த வருஷமே அது அச்சில் வந்தது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சில வார மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும். விட்டுவிட்டால் முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும், மூட்டு வீங்கும், இதயத் துடிப்பும் தடுமாறும். இன்று அமெரிக்காவில் ஆண்டுக்கு 4,76,000 பேர் வரை இதற்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு.

இனி மருந்தடிக்கும் கதை. அந்த மையமே கனெக்டிகட், மேரிலாந்து, நியூயார்க் மாநிலங்களில் 2011, 2012 ஆண்டுகளில் 2,700-க்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு சோதனை நடத்தியது. பாதி வீடுகளில் பைஃபென்த்ரின் என்ற பூச்சிமருந்து, மீதி வீடுகளில் வெறும் தண்ணீர். எது மருந்து, எது தண்ணீர் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. முடிவு 2016-ல் வெளியானது. மருந்தடித்த தோட்டங்களில் உண்ணி 63 சதவீதம் குறைந்தது. கைதட்டலாம். ஆனால் மனிதர்கள் மேல் உண்ணி ஏறியதும் குறையவில்லை, நோயும் குறையவில்லை! தண்ணீர் அடித்த வீட்டுக்கும் மருந்தடித்த வீட்டுக்கும் அந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை.

ஒருமுறை அடித்தது போதவில்லை என்று வாதாடலாம். ஒரே வீட்டில் செய்தால் எப்படி, தெருவே சேர்ந்து செய்ய வேண்டாமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதையும் செய்து பார்த்தார்கள். நியூயார்க்கின் டச்சஸ் கவுண்டியில் 24 குடியிருப்புப் பகுதிகளில், 2017 முதல் நான்கு ஆண்டுகள், உண்ணியைக் கொல்லும் பூஞ்சைத் தெளிப்பும், எலி நுழைந்தால் அதன் மேல் மருந்து தடவிவிடும் பெட்டிகளும் வைத்தார்கள். பெட்டி வைத்த இடங்களில் உண்ணி ஏறக்குறைய பாதியானது. வளர்ப்புப் பிராணிகளுக்குக்கூட நோய் குறைந்தது. மனிதர்களுக்கு? அதே பழைய கதை.

காரணம் புரியாத ரகசியம் அல்ல. மிச்சமிருக்கும் உண்ணியே கடிக்கப் போதும். அதோடு பிள்ளை தன் தோட்டத்தில் மட்டுமா ஓடுகிறது? பக்கத்து வீடு, பூங்கா, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காட்டோரம்... வேலி எங்கே இருக்கிறது என்று உண்ணிக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. "அதுதான் மருந்தடித்தாயிற்றே" என்ற தைரியத்தில் மாலையில் பிள்ளையின் உடம்பைத் தடவிப் பார்க்க மறந்தால், காசு கொடுத்து வாங்கியது பாதுகாப்பு அல்ல, அசட்டை. பைஃபென்த்ரினுக்கு உண்ணியும் ஒன்றுதான், தேனீயும் ஒன்றுதான். ஓடைக்கு அடித்துப் போனால் மீனும் சாகும்.

அடுத்த பலியாடு, மான். மானைச் சுட்டால் எல்லாம் சரியாகும் என்று ஒரு கட்சி உண்டு. மெய்ன் மாநிலத்தின் மான்ஹீகன் தீவில் 1990-களின் கடைசியில் மான்களை மொத்தமாக ஒழித்தார்கள், உண்ணி பெரிதும் குறைந்தது. மறுக்க முடியாது. ஆனால் அது கடல் சூழ்ந்த குட்டித் தீவு. நாலு பக்கமும் காடு திறந்துகிடக்கும் ஊரில் எந்தக் கதவைச் சாத்துவது? மேலும் மான் வளர்ந்த உண்ணிக்குச் சாப்பாடு போடுகிறதே தவிர, கிருமியைக் கொடுப்பதில்லை. கொடுப்பதில் முதல் ஆள் வெள்ளைக்கால் எலி. அதற்கு விறகுக் குவியல், கல்சுவர் இடுக்கு, பறவைத் தீனி என்று வீடு கட்டி விருந்து வைப்பவர் யார்? அதே வீட்டுக்காரர்தான்! இலையுதிர் காலத்தில் சருகைக் கூட்டி காட்டோரம் குவிக்கிறாரே, அந்த ஈரக் குவியல் உண்ணிக்கு அரண்மனை. அழகுக்கு நட்ட ஜப்பானியப் பார்பெரிப் புதரடியும் அப்படித்தான். (பென்சில்வேனியா 2021-ல் அந்தச் செடியைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டது.)

இன்னொரு கூத்தையும் சொல்லாமல் விட முடியாது. மனிதர்களுக்கு லைம் தடுப்பூசி 1998-ல் அனுமதி பெற்றது. மூன்று ஊசி போட்டால் முக்கால்வாசிப் பாதுகாப்பு. மூட்டுவலி வருகிறது என்று புகார், வழக்கு, பத்திரிகைப் பரபரப்பு. அரசு நிபுணர்கள் பார்த்தபோது ஊசியால்தான் வந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் விற்பனை படுத்தது, 2002-ல் கடையைக் கட்டிவிட்டார்கள். நாய்க்கு ஊசி நிற்கவே இல்லை. புதிய ஊசி ஒன்றின் மூன்றாம் கட்டச் சோதனை 2022-ல்தான் தொடங்கியது. நடுவே இருபது வருஷம், தோட்டத்தில் நாய் பத்திரம், அதைப் பிடித்துக்கொண்டு ஓடிய குழந்தை அம்போ!

பலன் தருவதெல்லாம் பில் வராத வேலைகள். காட்டுக்கும் புல்தரைக்கும் நடுவே மூன்றடி அகலம் மரச்சீவல் பரப்பி, ஊஞ்சலை வெயில் படும் நடுப்பகுதிக்கு நகர்த்துவது. வேலை செய்யும்போது கால்சராயைக் காலுறைக்குள் செருகுவது. (அசிங்கமாகத்தான் இருக்கும்.) வீட்டுக்குள் வந்ததும் துணியை உலர்த்தும் எந்திரத்தில் முழுச் சூட்டில் பத்து நிமிடம் போடுவது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிப்பது. அப்புறம் தினமும் உடம்பைத் தேடுவது. ஒட்டியிருந்தால் தீக்குச்சி, வாசலின், நகப்பூச்சு வைத்தியம் எதுவும் வேண்டாம். கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்திருக்கும் என்று தோன்றினால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால், ஒரே வேளை டாக்ஸிசைக்ளின் போதுமா என்று அவர் சொல்லிவிடுவார். பிடுங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, பரவும் செம்படையோ வந்தால் அவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான்.