மூன்றாம் நாள் கையைக் காட்டியவர்கள்

திருப்பதியின் பெரிய அரசு மருத்துவமனைக்கு நன்கொடை தந்த ரூயா குடும்பத்தின் பெயர். தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ், பேர்டு மருத்துவமனைகள் இரண்டுக்கும் சாமி பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வைத்தியர் பெயர் வாசல் பலகைக்கு ஏறுவது நம் பக்கம் அபூர்வம்தான்.

திருப்பதியிலிருந்து பீலேர் வழியாகப் போனால் மதனப்பள்ளி. கோயம்பேட்டில் தக்காளி விலை எகிறும்போது மட்டும் நமக்கு ஞாபகம் வரும் ஊர். 2022 வரை சித்தூர் மாவட்டம். அதை ஒட்டிய ஆரோக்கியவரத்தில் 1915-ல் காசநோய் சானடோரியம் திறக்கப்பட்டது. முதலில் டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்தியன் ஃப்ரிமோட் மொல்லர், பிறகு மருத்துவர் பி.வி. பெஞ்சமின் (இவருக்கு 1955-ல் பத்மஸ்ரீ) அதை நடத்தினார்கள். மருந்தே கிடையாத காலம். நல்ல காற்று, சத்தான சாப்பாடு, படுக்கை. சிலருக்கு விலாவில் ஊசி இறக்கிக் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள், அதற்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று. காற்று கரைந்ததும் மறுபடி ஊசி.

எனக்குப் பெரிதாகப் படுவது வார்டுக்கு வெளியே நடந்தது. 1948-ல் இந்தியாவில் பிசிஜி தடுப்பூசி தொடங்கியபோது மதனப்பள்ளி முன்வரிசையில் நின்றது. அடுத்து, கிறிஸ்தியனின் மகன் யோஹானஸின் குழு சுற்றுவட்டக் கிராமங்களுக்குள் இறங்கியது. முன்கையில் டியூபர்குலின் ஊசி. மூன்றாம் நாள் திரும்பி வந்து, தடித்த இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது. எக்ஸ்ரே, சளிச் சோதனை. பிசிஜி போட்டவர், போடாதவர் இரு சாராரையும் ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர்ந்தார்கள். நான்காவது அறிக்கை 1973-ல் சர்வதேச காசநோய் எதிர்ப்பு ஒன்றியத்தின் இதழில் வந்தது. விருதுக் குழுவில் எனக்கு ஓர் ஓட்டு இருந்தால், அளவுகோலோடு அலைந்த அந்த ஊழியர்களுக்கும், வேலையை விட்டுவிட்டுக் கையைக் காட்ட வந்து நின்ற கிராமத்தாருக்கும்தான் போடுவேன்.

இதற்கிடையே, 1959-ல் சென்னையில் வாலஸ் ஃபாக்ஸ் குழு, ஓராண்டு மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் சானடோரியத்துக்கு நிகராகக் குணமாகும், கூட இருப்பவர்களுக்குத் தொற்றும் அதிகரிக்காது என்று காட்டிவிட்டது. ஆரோக்கியவரம் போன்ற இடங்களின் பிழைப்பிலேயே கைவைத்த முடிவு!

பிசிஜிக்கும் பரீட்சை பாக்கி இருந்தது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுப்பதில்லை என்றது. பலிக்கவில்லை என்று நிரூபித்தவருக்கு யார் மாலை போடுகிறார்கள்? குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயை அது தடுக்கும் என்பதால்தான் பிறந்த பிள்ளைக்கு இன்னும் போடுகிறோம்.