காப்புப் பிரதி எங்கே இருக்கிறது?

எங்கள் வீட்டில் கணக்கெழுதும் வேலை என்னுடையது. உம்மா பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துச் சீட்டுப் பிடிக்கிறார். ஆளுக்கு மாதம் ஐயாயிரம் ரூபா. முன்பெல்லாம் அந்தக் கணக்கு எண்பது பக்கக் கொப்பியில்தான் இருந்தது. 2024 மே மாதம் புதிய சீட்டுத் தொடங்கியபோது, "இனி எல்லாம் கணினியில்" என்று நான்தான் சொன்னேன். வீட்டுக் கணக்குக்கென்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றை ராத்தாவின் பழைய மடிக்கணினியில் ஏற்றினேன். அதன் அமைப்புப் பக்கத்தில் 'தானியங்கிக் காப்புப் பிரதி' என்ற இடத்தில் ஏற்கெனவே சரியடையாளம் இருந்தது. அதைக் கண்டதும் மனம் நிம்மதியாயிற்று. கொப்பியை அலுமாரிக்குள் போட்டுவிட்டோம்.

அவ்வருடம் நவம்பர் இறுதியில் பெய்த மழையில் வாவி பெருகி வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்தது. அரிசி மூட்டையையும் பாய்களையும் மேசைமேல் ஏற்றிய அவசரத்தில், கட்டிலுக்குக் கீழே இருந்த கணினிப் பையை நான் மறந்துவிட்டேன். தண்ணீர் வற்றிய பிறகு திருத்துபவரிடம் கொண்டுபோனோம். அவர் கையை விரித்தார். காப்புப் பிரதி எங்கே இருக்கிறது என்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டுப் பார்த்தேன். அதே கணினியில், அதே கோப்புறையில், மூலக் கோப்புக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

உம்மா வீடு வீடாகப் போய் ஏழு மாதக் கணக்கைக் கேட்டு எழுதினார். இருவர் சொன்ன தொகை அவருடைய நினைவோடு ஒத்துவரவில்லை. பதினைந்தாயிரம் ரூபா வித்தியாசம். அவர் வாதாடவில்லை. "இது அமானிதம் மகள். சந்தேகம் வந்தா நட்டம் நம்மட பக்கம்தான் வரணும்" என்று சொல்லித் தையல் காசிலிருந்து கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

பிழை மென்பொருளுடையதல்ல, என்னுடையது. பொறுப்பு என் கையில் இருந்தது. அதை நான் ஒரு சரியடையாளத்திடம் ஒப்படைத்துவிட்டேன்.

இது என்னைப் போன்ற மாணவிக்கு மட்டும் நேர்வதல்ல. 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்களை மீட்க முடியாமற் போயிற்று. இணையத்தோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் தாக்குதலில் பூட்டப்பட்டிருந்தது. அந்தக் காலத்துக்குத் தனியாகக் கழற்றி வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை.

இன்னோர் உதாரணம் குனூகேஷ். நான் பாவித்தது வேறொன்று என்றாலும் வழி ஏறத்தாழ ஒன்றே. வழமையான கோப்பு முறையில் அது, சேமிக்கும்போது பழைய பிரதியைத் திகதியிட்டு அதே கோப்புறையில் வைக்கிறது. நாம் அமைப்பை மாற்றாவிட்டால் 30 நாட்களுக்குப் பிறகு அவற்றை நீக்கிவிடும். நேற்றுத் தவறாக அழித்த பதிவை மீட்க இது மிகவும் உதவும். வெள்ளத்துக்கும் திருட்டுக்கும் உதவாது.

"அப்படியானால் கொப்பியே போதுமே" என்று பெற்றோர் சிலர் சொல்லலாம். 2004 டிசம்பர் 26 அன்று நமது கரையோரத்தில் காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் கடலோடு போனதை அவர்களே எமக்குச் சொல்லியிருக்கிறார்கள். தாளும் நனையும், கணினியும் நனையும். எதில் எழுதினாலும் பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், சூறா பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. பிரதி என்பதும் ஒரு சாட்சிதான். நானோ என் சாட்சிகள் எல்லாவற்றையும் ஒரே தோணியில் ஏற்றியிருந்தேன்.

ஆகவே, தோழிகளே, வீட்டுக் கணக்கைக் கணினியிலோ தொலைபேசியிலோ வைத்திருந்தால் இன்றே அமைப்புப் பக்கத்தைத் திறந்து மூன்று விடயங்களைப் பாருங்கள். பிரதி எங்கே சேர்கிறது? எத்தனை நாள் இருக்கும்? அதைத் திறந்தால் கணக்கு உண்மையில் தெரிகிறதா? மூன்றாவதைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. திறந்து பார்க்காத பிரதியை நம்பியிருக்க முடியாது.

இப்போது சீட்டுக் குலுக்கும் நாளில் கணக்கை ஒரு பென்டிரைவில் எடுத்து, மேட்டு நிலத்தில் இருக்கும் மாமி வீட்டில் வைக்கிறோம். இன்னொன்று இணையச் சேமிப்பிடத்துக்குப் போகிறது. பிறருடைய பணவிபரம் என்பதால் இரண்டுக்கும் கடவுச்சொல் உண்டு. காசு தருபவர் கொப்பியில் ஒப்பமும் இடுகிறார். இத்தனைக்கும் மாதத்தில் கால் மணித்தியாலம்கூடச் செல்வதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கணக்கைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். அதோடு, "பிரதி எங்கே இருக்கிறது?" என்றும் இடைக்கிடை கேளுங்கள். என்னிடம் அன்று யாராவது கேட்டிருந்தால், உம்மாவின் தையல் காசு மிஞ்சியிருக்கும்.